உணவுத் தேர்வும் உணவு வாய்ப்பும்: ஏரவாடாச் சிந்தனைகளும் தமிழ் அறமரபும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

உண்பது உடலின் தேவை. எதை உண்பது, எவரிடமிருந்து பெறுவது, எவரோடு பகிர்வது என்பன அறத்தின் வினாக்கள். பொதியிட்ட உணவைத் தவிர்த்து, அருகிலுள்ள நிலத்தில் விளைந்த புத்துணவைத் தேர்ந்து உண்ண வேண்டும் என்னும் கருத்து இன்று பலராலும் வலியுறுத்தப்படுகிறது. உடல்நலம், சுற்றுச்சூழல், உழவர் வாழ்வு ஆகிய மூன்றும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. எனினும் அது அனைவர்க்கும் பொதுவான கடமையா, தேர்ந்துகொள்ளும் வசதி படைத்தோர்க்கு மட்டும் உரிய ஒழுக்கமா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. மகாராட்டிர மாநிலம் புனே நகரின் ஏரவாடாவில் காந்தியடிகள் சிறைப்பட்டிருந்த காலத்தில் எழுதிய உணவறச் சிந்தனைகளைத் தமிழ் அறமரபோடு ஒப்பிட்டு, இவ்வினாவிற்கு விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரவாடா என்னும் களம்

முளா, முட்டா ஆறுகள் கூடும் புனே நகரின் வடகிழக்குப் பகுதி ஏரவாடா. இந்திய விடுதலை வரலாற்றில் இவ்வூர்ப் பெயர் அங்குள்ள மத்தியச் சிறையினால் அறியப்பட்டது. காந்தியடிகள் 1922 முதல் 1924 வரையிலும், உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1930 மே முதல் 1931 சனவரி வரையிலும், மீண்டும் 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் இச்சிறையில் இருந்தார். 1932 செப்டம்பரில் அவர் மேற்கொண்ட உண்ணாநோன்பும், அதன் விளைவாகிய புனே ஒப்பந்தமும் இச்சிறையோடு தொடர்புடையவை.

இப்பகுதியில் உள்ள மற்றொரு வரலாற்றுக் கட்டடம் ஆகாகான் அரண்மனை. பஞ்சத்தால் வாடிய சுற்றுப்புற மக்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டு 1892இல் இது எழுப்பப்பட்டது என்பர். காந்தியடிகள் 1942 ஆகஸ்டு முதல் 1944 மே வரை இங்குக் காவலில் வைக்கப்பட்டார். கஸ்தூரிபாவும் மகாதேவ தேசாயும் இங்குக் காவலில் இருந்தபோதே மறைந்தனர்.

இன்றைய ஏரவாடாவில் சிறையும் அரண்மனையும் நெருக்கமான குடிசைப் பகுதிகளும் ஒன்றையொன்று அடுத்துள்ளன. அவற்றின் பக்கத்திலேயே கல்யாணி நகரின் உயர்ந்த அடுக்ககங்களும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தேர்ந்து உண்பாரும் கிடைத்ததை உண்பாரும் அண்டை அயலாராக வாழும் இடம் இது. உணவறம் பற்றிய ஆய்வுக்கு ஏற்ற களமாக ஏரவாடா அமைவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சிறையில் எழுந்த உணவறம்

1930ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் தொடங்கிச் செவ்வாய்க்கிழமைதோறும் காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்தார்க்கு நோன்புகளைப் பற்றிக் கடிதம் எழுதி வந்தார். அவை பின்னர்த் தொகுக்கப்பட்டபோது, சிறைச்சாலையைக் கோவில் எனக் குறிக்கும் வகையில், 'ஏரவாடா மந்திர்' என்பது நூற்பெயரில் இடம்பெற்றது. அவற்றுள் உணவோடு நேரடித் தொடர்புடையவை சுவையடக்கம், கள்ளாமை, உடைமை மறுத்தல், உணவுக்குரிய உடலுழைப்பு ஆகியன பற்றிய கடிதங்களாகும்.

உணவை மருந்தைப் போல, உடலைக் காக்கத் தேவையான அளவில் மட்டும் கொள்ள வேண்டும் என்பது சுவையடக்கம் பற்றிய கடிதத்தின் சாரம். பொது அடுக்களையில் ஆக்கியதை நன்றியுணர்வோடு அளவாக ஏற்பதே அந்நோன்பின் நடைமுறை வடிவம் என்று அவர் விளக்குகிறார். ஒருவன் தனக்காகத் தேடித் தேர்வதைக் காட்டிலும், அனைவர்க்கும் ஆக்கியதில் தன் பங்கை ஏற்பது உயர்ந்தது என்னும் கருத்து இங்குப் புலனாகிறது.

கள்ளாமை பற்றிய கடிதம் இதனை மேலும் விரிவாக்குகிறது. பிறர் பொருளை அவர் அறியாமல் எடுப்பது மட்டும் களவாகாது. தனக்குத் தேவையில்லாததை ஒருவன் பெற்றுக்கொள்வதும் களவே என்பது அவர் கொள்கை. உணவுப் பொருள்களுக்கும் இது பொருந்தும். ஒருவன் தேவைக்கு மேற்கொண்டது மற்றொருவனுக்குக் கிட்டாமற் போனதாகவே கருதப்பட வேண்டும்.

சுதேசி நோன்பைப் பற்றிய கட்டுரையை அவர் சிறையில் எழுதவில்லை. அரசியலைத் தொடாமல் அப்பொருளை முறையாக விளக்க இயலாது என்று எண்ணியமையால், 1931இல் விடுதலைக்குப் பின்னரே எழுதினார். அருகில் இருப்பவர்க்குச் செய்யும் தொண்டே முதற்கடமை என்பதும், அத்தொண்டு தொலைவில் உள்ளோர்க்கு ஊறு செய்வதாக இருத்தல் ஆகாது என்பதும் அக்கட்டுரையின் மையக் கருத்துகளாகும். அயல்நாட்டுப் பொருள் என்னும் காரணத்திற்காக மட்டும் ஒன்றை ஒதுக்குவதையும், தன் நாட்டிற்குப் பொருந்தாத ஒன்றைப் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்குவதையும் அவர் மடமை என்றே கருதினார். உணவைப் பேசிய பகுதிகள் சிறைக் கட்டுப்பாட்டினுள் எழுதத் தக்கனவாக இருந்தன. அவ்வுணவு எங்கிருந்து, எவர் கையிலிருந்து வர வேண்டும் என்னும் பகுதி எழுதத் தகாததாயிற்று. ஒருவர் உண்ணும் முறை தனியொழுக்கமாகக் கருதப்படலாம். உணவு வரும் வழி அரசியலை விட்டு நீங்காது என்பது இந்நிகழ்வால் தெளிவாகும்.

1942இல் ஆகாகான் அரண்மனைக் காவலில் இருந்தபோது உடல்நலம் பற்றிய சிறுநூல் ஒன்றை அவர் எழுதினார். 'ஆரோக்கியத்தின் திறவுகோல்' என வழங்கும் அந்நூலில், தவிடு நீக்கப்பட்ட அரிசியும் மாவும் சத்தை இழந்தவை என்று காட்டி, வீட்டுத் திரிகையில் அரைத்த மாவையும், பச்சையாக உண்ணும் இலைக்கறிகளையும், பருவத்துக்குரிய பழங்களையும் பரிந்துரைத்தார்.

தமிழ் மரபில் நிலமும் உணவும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களைத் தொகுக்குமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறார். தினையும் வரகும் நெல்லும் மீனும் அவ்வந்நிலத்தின் அடையாளங்களாகவே சங்கப் பாடல்களில் அமைகின்றன. ஆகவே நிலத்தோடு ஒட்டிய உணவு என்னும் கருத்து தமிழ் இலக்கணத்தின் அடிப்படைகளுள் ஒன்று எனலாம்.

ஆயினும் ஒவ்வொரு நிலமும் தன் விளைவை மட்டும் உண்டு தனித்திருந்தது என்று கொள்வதற்கில்லை. அகநானூற்றின் 140ஆம் பாடலில் உமணர் மகள் நெல்லுக்கு உப்பை மாற்றக் கூவி வரும் காட்சி இடம்பெறுகிறது. உப்பு வண்டிகள் நெய்தலிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றதைப் பிற பாடல்களும் காட்டுகின்றன. உப்பின்றி மருத மகளிரின் அடுக்களை இயங்காது; நெல்லின்றி நெய்தல் மகளிரின் அடுக்களை இயங்காது. அண்மை விளைவே முதன்மை என்பதும், இல்லாததைச் சேய்மையிலிருந்து மாற்றிக்கொள்வது இயல்பு என்பதும் இதனால் பெறப்படும். சுதேசி பற்றிய ஏரவாடாச் சிந்தனையோடு இது பெரிதும் ஒத்துள்ளது. உப்பின் பொருட்டுச் சிறை புகுந்தவர் சுதேசியை விளக்கும்போது முழுமையான தனித்திருத்தலை வலியுறுத்தாமையும் இங்கு நோக்கத்தக்கது.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் முன் உண்டது செரித்தமை அறிந்து அளவாக உண்பதை வற்புறுத்துகிறார். உணவை மருந்தோடு சேர்த்து எண்ணும் காந்தியடிகளின் போக்கு இதனோடு இயைகிறது. ஒரு வேறுபாடும் உண்டு. வள்ளுவர் விருந்தோம்பலைத் துறவறத்திற்கு முன்னர் இல்லறத்தில் வைக்கிறார். அவர் காட்டும் இல்லத்தான் விருந்தினரைப் புறத்தே இருத்தித் தான் மட்டும் உண்ண ஒருப்படான். சுவையை அடக்குதல் தன்னை நோக்கிய ஒழுக்கம். பகுத்துண்ணல் பிறரை நோக்கிய ஒழுக்கம். தமிழ் மரபு பின்னதற்கே பெரிதும் அழுத்தம் தருகிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறப்பாட்டும் அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவரால்தான் உலகம் நிலைபெறுகிறது என்னும் கருத்தினது.

குமரப்பாவின் பொருளியல் நோக்கு

இவ்விரு மரபுகளும் கூடும் இடமாகத் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் சிந்தனை அமைகிறது. 1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலராக வார்தாவில் பணியாற்றிய அவர், கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம் ஆகியவற்றை மீட்க முயன்றார். ஆலையில் தீட்டிய அரிசி சத்தை இழப்பதோடு, குத்துபவரின் வேலையையும் பறிக்கிறது என்பது அவர் வாதம். ஒரே செயலில் உண்பவரின் உடலும் உழைப்பவரின் வாழ்வும் கெடுகின்றன என்று அவர் கண்டார்.

சபல்பூர்ச் சிறையில் எழுதப்பெற்று 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலில், பொருளியல் முறைகளை ஒட்டுண்ணி, கொள்ளை, முயற்சி, கூட்டுறவு, தொண்டு என ஐந்தாகப் பகுக்கிறார். இயற்கையிலிருந்தே அதற்கான எடுத்துக்காட்டுகள் காட்டப்படுகின்றன. உழைக்காமல் பிறவுயிரை அழித்து உண்பது ஒரு முனை. கைம்மாறு கருதாது ஊட்டும் தாய் மறுமுனை. ஓர் உணவுப் பொருளை வாங்குபவர் இவ்வைந்தனுள் எம்முறைக்குத் துணை நிற்கிறார் என்னும் வினாவை இப்பகுப்பு எழுப்புகிறது. வாங்குதல் என்பது விலை கொடுத்ததோடு முடிந்துவிடும் செயலன்று. அப்பொருள் உண்டான முறைக்கும் வாங்குபவர் பொறுப்பாகிறார் என்பது குமரப்பாவின் நிலைப்பாடாகும்.

பொதியும் அதன் பின்விளைவும்

குமரப்பா உணவு வரும் வழியை ஆராய்ந்தார். இன்றைய நிலையில் உணவு உண்ட பின் எஞ்சுவதையும் ஆராய வேண்டியுள்ளது. வாழையிலையும் தையல் இலையும் மண்ணோடு மண்ணாயின. பல அடுக்கு நெகிழியாலான சிறுபொதிகள் அவ்வாறு மறைவதில்லை. அவற்றின் அடுக்குகளைப் பிரிப்பது அரிதாதலின் மறுசுழற்சிக்கும் அவை எளிதில் உதவுவதில்லை.

புனே நகரில் இதன் சுமை எவர் மீது விழுகிறது என்பது வெளிப்படை. அங்குக் குப்பை பொறுக்கும் தொழிலாளர் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்னும் சங்கமாக ஒன்றுதிரண்டனர். அதன் தொடர்ச்சியாக 'ஸ்வச்' என்னும் அவர்களது கூட்டுறவு அமைப்பு 2008 முதல் மாநகராட்சியோடு உடன்பாடு செய்துகொண்டு வீடுதோறும் கழிவு சேகரித்து வருகிறது. இத்தொழிலில் ஈடுபடுவோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள். தாளும் கண்ணாடியும் தகரமும் அவர்களுக்கு விலை தரும். தின்பண்ட உறைகள் விற்பனைக்கு ஆகாதவை. ஆயினும் அவற்றையும் அவர்களே தொட்டுப் பிரிக்க வேண்டும். உண்பவர் உறையைக் கிழித்த அளவில் தம் பங்கு முடிந்ததாக எண்ணுகிறார். எஞ்சிய வேலை கூலியின்றி மற்றொருவர் மேல் ஏற்றப்படுகிறது. தேவைக்கு மேற்கொள்வது களவு என்னும் ஏரவாடாக் கருத்தை இங்குப் பொருத்திப் பார்த்தால், பிறரது உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் பெறுவதும் அதன்பாற்படும் என்று கொள்ளலாம்.

மகாராட்டிர அரசு 2018இலும், தமிழக அரசு 2019 சனவரி முதலும் ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தடைசெய்தன. தமிழகத்தில் 2021 திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. கடைக்காரர் தரும் பையைத் தடுப்பதில் இவை ஓரளவு பயன் தந்தன. ஆலையிலேயே அடைக்கப்பட்டு வரும் உணவுப் பொதிகளின் சிக்கல் இவற்றால் தீர்ந்துவிடவில்லை.

மறுப்புகளும் அவற்றின் தகுதியும்

பொதியில்லா உணவே அறம் என்னும் முடிவிற்கு எதிராக மூன்று மறுப்புகள் உள்ளன. அவற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

முதலாவது, பாதுகாப்புப் பற்றியது. 1998இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையெண்ணெய் கலந்தமையால் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் உயிரிழந்தனர். அதன் பின்னர் சமையல் எண்ணெயைப் பொதியிட்டே விற்க வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. அளந்து ஊற்றிய எண்ணெயை நம்பி வாங்கியவர்களே அன்று பாதிக்கப்பட்டனர். முகமறிந்த வணிகனிடத்து இருந்த நம்பிக்கை பெருநகரில் குலைந்தபோது அதன் இடத்தைப் பொதியும் முத்திரையும் பெற்றன. எனவே பொதி என்பது வெறும் ஆடம்பரம் அன்று. நம்பிக்கையின் மாற்றாகவும் அது செயற்படுகிறது.

இரண்டாவது, உழைப்புப் பற்றியது. நாள்தோறும் புதிதாக வாங்கி, ஆய்ந்து, அரைத்து, ஆக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுகிறது. பகல் முழுதும் பிறர் வீட்டில் உழைத்துவிட்டு இரவில் குடிசைக்குத் திரும்பும் ஒரு தாய் குழந்தைக்கு ரொட்டிப் பொதியைப் பிரித்துத் தந்தால், அதனை ஒழுக்கக்குறை என்று கூற எவர்க்கும் தகுதியில்லை. புத்துணவின் நன்மையைப் போற்றும் எழுத்துகள் பலவும் அதனை ஆக்குபவரின் நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை. காந்தியடிகள் உடலுழைப்பை எல்லார்க்கும் உரிய கடமையாக்கியதை இங்கு நினைவுகூர்தல் தகும். அடுக்களை வேலை ஆண்களுக்கும் பங்காகாத வரையில் புத்துணவு பற்றிய அறவுரை ஒருசாரார் மேல் சுமத்தப்பட்ட சுமையாகவே முடியும்.

மூன்றாவது, விலை பற்றியது. குளிர்ப்பெட்டியும் சேமிப்பிடமும் இல்லாத வீட்டில், நாட்கூலியைக் கொண்டு வாங்குவோர்க்குச் சிறுபொதி கைக்கு எட்டும் பொருளாக இருக்கிறது. மறுபுறம், இயற்கை வேளாண் விளைபொருள் என்னும் பெயரில் விற்கப்படும் காய்கனிகள் உயர்ந்த விலையில் வசதி படைத்தோர் பகுதிகளிலேயே கிடைக்கின்றன. எளிமை என்பது பொருள் மிக்கோரின் அடையாளமாக மாறும் முரண் இதனால் தோன்றுகிறது.

தேர்வுக்கு முன்னது வாய்ப்பு

இம்மறுப்புகளை ஒருசேர நோக்குமிடத்து, அவை புத்துணவின் நன்மையை மறுக்கவில்லை என்பதும், அதனைத் தேர்ந்துகொள்ளும் நிலை எல்லார்க்கும் இல்லை என்பதையே சுட்டுகின்றன என்பதும் தெளிவாகும். ஏரவாடாச் சிறையே இதற்குச் சான்று. அங்கு அரசியல் கைதியாகிய காந்தியடிகள் ஆட்டுப்பாலையும் பழத்தையும் தம் நோன்பிற்கேற்பத் தேர்ந்து உண்டார். அதே மதிலுக்குள் இருந்த பொதுக்கைதிகள் அளந்து இடப்பட்டதை உண்டனர். இருவர் உணவும் எளியது. ஆயினும் ஒன்று நோன்பு, மற்றது தண்டனை. மறுக்கும் உரிமை உடையவர் மறுக்கும்போதே அது நோன்பாகிறது. அவ்வுரிமை இல்லாதவரிடம் நோன்பை எதிர்பார்ப்பது அறமாகாது.

மணிமேகலை இச்சிக்கலுக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது. மதுரைக் கூலவாணிகர் எனப்பெறும் சாத்தனார் தானியம் விற்ற வணிகர். அவர் யாத்த காப்பியத்தில் அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர் பசியைத் தீர்க்கிறாள். அதனைக் கேட்டு வியந்த சோழன் மாவண்கிள்ளி அவள் விரும்புவது யாதென வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டுகிறாள். அவனும் அவ்வாறே செய்கிறான். கைதிகளுக்கு அவள் சுவையடக்கம் பற்றி அறிவுரை கூறவில்லை. முதலில் உணவு அளிக்கிறாள். பின்னர் அவர்கள் இருக்கும் இடத்தின் தன்மையையே மாற்றுமாறு அரசை வேண்டுகிறாள். காந்தியடிகள் தம் உள்ளத்தால் சிறையைக் கோவிலாக்கிக்கொண்டார். மணிமேகலை அரசாணையால் சிறையை அறச்சாலை ஆக்குவித்தாள். முன்னது தனிமனிதனின் வெற்றி. பின்னது அமைப்பின் மாற்றம். உணவறத்திற்கு இவ்விரண்டும் தேவை. எனினும் பசித்தோரை முன்னிறுத்தி நோக்கும்போது பின்னதே முற்பட வேண்டும்.

ஆபுத்திரன் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன் கையில் அள்ள அள்ளக் குறையாத கலம் இருந்தது. பிறர்க்கு ஊட்ட வழியில்லாத இடத்தில் அக்கலம் தன் ஒருவனுக்குச் சோறிடுவதை அவன் ஏற்கவில்லை. கலத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உண்ணாது உயிர் துறந்தான். உணவின் தூய்மையைக் காட்டிலும் அதன் பொதுமையே அவனுக்கு முதன்மையாயிற்று. தூய உணவு தனக்குக் கிடைத்த அளவில் நிறைவு கொள்பவர் ஆபுத்திரன் மரபினர் ஆகார்.

வாய்ப்பை உருவாக்கிய முயற்சிகள்

இக்கருத்து காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. அன்றாடம் ஆக்கப்பட்ட உணவு, வருவோரின் சாதியோ சமயமோ வினவப்படாமல் அங்கு அளிக்கப்படுகிறது. 2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகமும், மகாராட்டிரத்தில் 2020 சனவரியில் பத்து ரூபாய்க்கு உணவளிக்கத் தொடங்கப்பட்ட சிவபோஜனத் திட்டமும் குறைந்த விலையில் ஆக்கிய உணவை அளிக்க அரசுகள் மேற்கொண்ட முயற்சிகளாகும்.

உழவரையும் உண்பவரையும் நேரில் இணைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. பஞ்சாபில் 1987இல் தோன்றிய 'அப்னி மண்டி', ஆந்திரத்தில் 1999இல் தொடங்கிய 'ரைத்து பஜார்' ஆகியவற்றின் வரிசையில், 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கூலவாணிகர் சாத்தனாரின் ஊரில் இது தொடங்கியது பொருத்தமுடையது. இடைத்தரகர் இன்மையால் உழவர்க்குக் கூடுதல் விலையும் வாங்குவோர்க்குக் குறைந்த விலையும் கிடைப்பது இதன் அடிப்படை. விற்பவர் உழவரென அடையாள அட்டையால் உறுதி செய்யப்படுவதும், எடைக்கற்கள் பொதுவில் வழங்கப்படுவதும், விலை எழுதி வைக்கப்படுவதும், முன்னர்க் குறிப்பிட்ட நம்பிக்கைச் சிக்கலுக்குப் பொதியின்றியே விடை தருகின்றன.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தகுதியுடைய குடும்பங்களில் ஆளொன்றுக்குத் திங்கள்தோறும் ஐந்து கிலோ தானியம் பெறும் உரிமையை வழங்கியது. பசியைத் தடுப்பதில் அதன் பங்கு பெரிது. எனினும் காய்கனிகளும் கீரைகளும் அவ்வுரிமையுள் அடங்கவில்லை. வயிறு நிறைதல் உரிமையாகவும், நலம் தரும் உணவு வாங்கும் ஆற்றலைப் பொறுத்ததாகவும் இருக்கும் இப்பிரிவு மேலும் ஆராயத்தக்கது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அளவாக உண்ணல், அண்மை விளைவைப் போற்றல், பிறர் உழைப்பைக் களவு கொள்ளாமை ஆகியன ஏரவாடாச் சிந்தனைகளுக்கும் தமிழ் அறமரபிற்கும் பொதுவானவை. அண்மையைப் போற்றுதல் சேய்மையை வெறுத்தல் அன்று என்பதிலும் இரண்டும் உடன்படுகின்றன. ஏரவாடாக் கடிதங்கள் உண்பவரின் தன்னடக்கத்திலிருந்து தொடங்க, தமிழ் மரபு பகுத்துண்ணலிலிருந்து தொடங்குவது இவற்றிடையே உள்ள வேறுபாடாகும்.

பொதியில்லாப் புத்துணவைத் தேர்தல், தேரும் ஆற்றல் உடையோர்க்குக் கடமையாகும். தேர முடியாதோரை அதன்பொருட்டுக் குறைகூறுதல் பொருந்தாது. ஆற்றல் உடையோரின் கடமையும் தம் அடுக்களையோடு நிறைவு பெறுவதில்லை. தம் வீட்டில் வேலை செய்பவரும், தம் குப்பையை எடுத்துச் செல்பவரும் அதே கீரையை அதே சந்தையில் வாங்க இயலுமாறு கூலியும் நேரமும் சந்தையும் அமைகின்றனவா என்று வினவுவதும் அக்கடமையின் பகுதியேயாகும். அவர்கள் வாங்க இயலாத நிலையில் ஒருவர் உண்ணும் புத்துணவு உடலுக்கு நலம் தரலாம். அறம் என்னும் பெயரை அது இன்னும் பெறவில்லை என்பது இவ்வாய்வின் முடிவாகும்.